பூசி மெழுகினால் போதாது

சுனாபட்டி என்று கேட்டதும், கோவில்பட்டி, உசிலம்பட்டி வரிசையில் இன்னொரு ஊர் போலிருக்கிறது என்று தமிழ்க் காதுக்குத் தோன்றும். உண்மையில் அது மும்பையின் துறைமுக ரயில் பாதையில் குர்லாவுக்கு அடுத்த நிலையம். சுனா என்றால் சுண்ணாம்பு. பட்டி என்றால் சூளை. சுண்ணாம்பு சுட்ட காலம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

சுனாபட்டியிலும், சற்றுத் தள்ளி தாராவி, மாதுங்கா, செம்பூரிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வண்டியின் உண்மை நிலை தெரியவருவது ஆயுத பூஜை நேரத்தில்தான். நான்கு மாத மழை ஓய்ந்திருக்கும். மூடி வைத்திருந்த ஸ்கூட்டரைக் கழுவிச் சந்தனம் வைக்கலாம் என்று துணியை விலக்கினால், சக்கர விளிம்பில், சைலன்சரில், மிதி தகட்டின் ஓரங்களில் எல்லாம் செம்மண் பூத்ததுபோல் துரு. மெக்கானிக்கிடம் கொடுத்தால் பணம். கையில் ஓர் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. வாசலில் செய்தித்தாளை விரித்துப் பாகங்களைக் கழற்றி வைத்தால் வீடே பட்டறையாகிவிடும்.

இரும்புக்கு மும்பை உகந்த ஊர் அல்ல. துருப் பிடிக்க ஈரமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். கடல் காற்றின் உப்பும் சேர்ந்தால் வேலை வேகமாக நடக்கும். துருப்பிடித்தல் அடிப்படையில் ஒரு மின்வேதி நிகழ்ச்சி. உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை எளிதில் கடத்துகிறது. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு உறைபோல் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இரும்பின் துரு அப்படியல்ல. பொருபொருவென்று உப்பி உதிர்ந்து, அடுத்த அடுக்குக்கு வழிவிடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது சேற்று நீரில் மூழ்கிய வண்டிகளை வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த இயலை ஆராய்வதற்கென்று தமிழ்நாட்டிலேயே ஓர் இடம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. உப்புக் காற்றில் உலோகங்கள் எப்படி அரிக்கப்படுகின்றன என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் கடலோரமாக அதற்கு ஒரு சோதனைக் களமும் இருக்கிறது.

புதுப் பாகம் வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்கலாம். எல்லா வண்டிக்கும் அது முடிவதில்லை. சுனாபட்டிக்குப் பக்கத்துக் குர்லாவில் உருவான பிரிமியர் பத்மினி கார் 2000-த்தை ஒட்டி நின்றுபோனது. அந்த ரகத்தின் கடைசி டாக்ஸி 2003 அக்டோபரில் பதிவானது. மும்பை டாக்ஸிகளுக்கான 20 ஆண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபரோடு அதுவும் விடைபெற்றது. 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக், பெட்ரோல் வண்டியாகத் தயாராவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் உடம்பு முழுவதும் இரும்புத் தகடு. இன்று இவற்றை வைத்திருப்பவர்களுக்குப் பழைய பாகமே துணை. சென்னையில் என்றால் புதுப்பேட்டைக்குப் போய்க் காயலான் கடைகளில் தேடலாம். மும்பையில் அதற்குப் பெயர் பங்கார் கடை. அங்கே கிடைப்பதும் துருவோடுதான் கிடைக்கும்.

ஆகவே சுத்தம் செய்துதான் ஆகவேண்டும். முதலில் போக்கவேண்டியது துருவை அல்ல, கிரீஸையும் எண்ணெயையும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சோப்பு நீரில் கழுவாவிட்டால், பிறகு எதில் போட்டாலும் அது இரும்பைத் தொடாது. எண்ணெயை மீறித் துருவிடம் போக முடியாமல் வெளியே நின்றுவிடும்.

அடுத்துப் பலரும் எடுப்பது கழிவறை கழுவும் ஆசிட். வேகமாக வேலை செய்யும் என்பது உண்மை. துருவைத் தின்றபின் நல்ல இரும்பையும் தின்னும் என்பதும் உண்மை. அதன் புகை அறையிலுள்ள மற்ற இரும்புச் சாமான்களுக்கும் துருவை வரவழைக்கும். மனிதனின் மூச்சுக்குழலையும் விட்டுவைக்காது. அதே குளியலறையில் பிளீச்சிங் பவுடர் இருந்து இரண்டும் கலந்துவிட்டால் வெளிவருவது குளோரின் வாயு. பத்துக்குப் பத்து அறையில் அது விளையாட்டல்ல.

நம் வீட்டு அறிவு இதைவிட நிதானமானது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்த கைகளுக்குத் தெரிந்த விஷயம்தான். மெல்லிய அமிலம் அழுக்கைக் கரைக்கும், உலோகத்தை அவ்வளவாகத் தொடாது. துருவுக்கு எலுமிச்சை உப்பு போதும். மும்பை மளிகைக் கடையில் ‘நிம்பு பூல்’ என்று கேட்டால் தருவார்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 முதல் 100 கிராம் வரை கரைத்து, பாகம் முழுவதும் மூழ்கும்படி பிளாஸ்டிக் வாளியில் வைக்கவேண்டும். சில மணி நேரத்தில் துரு இளகிவிடும். இடையிடையே எடுத்துப் பிரஷால் தேய்த்துப் பார்க்கவேண்டும். மறந்துபோய் இரண்டு மூன்று நாள் விட்டால் இந்த அமிலமும் நல்ல இரும்பில் கை வைக்கும்.

கணக்காக வேலை செய்பவர்கள் கையாளும் இன்னொரு வழி மின்சாரம். சலவை சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த பாகத்தைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதோடு இணைக்கவேண்டும். நேர்முனையில் ஒரு பழைய இரும்புத் தகடு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பாகத்திலிருந்து துரு கழன்று விழும். நல்ல இரும்பு அப்படியே இருக்கும். ஆனால் இந்த முறையில் ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. காற்றோட்டம் வேண்டும்; பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ கூடாது. நேர்முனைக்கு எவர்சில்வர் தட்டைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள குரோமியம், புற்றுநோயை வரவழைக்கும் வடிவில் தண்ணீரில் கலக்கும். அலுமினியப் பாகங்களை இந்தச் சோடா நீரே அரித்துவிடும்.

சுனாபட்டியின் பழைய தொழில் உதவிக்கு வரும் இடம் இதற்கு அடுத்தது. அமிலத்தில் குளித்த இரும்பை அப்படியே விட்டால் மிச்சமிருக்கும் அமிலம் மறுபடி துருவை அழைக்கும். கம்பி இழுக்கும் ஆலைகளில் அமிலத்தில் கழுவிய கம்பியைச் சுண்ணாம்பு நீரில் முக்குவது பழைய வழக்கம். சுண்ணாம்பின் காரம் அமிலத்தை முறித்து இரும்பைக் காக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பல்லாண்டு துருப்பிடிக்காமல் இருப்பதும் காரத்தின் தயவால்தான். வீட்டில் இதற்குச் சமையல் சோடா கரைத்த நீர் போதும். அதே சோடாவை வாளியில் மிஞ்சிய அமில நீரிலும் நுரை அடங்கும்வரை போட்டு, அடியில் படிந்ததைத் தனியே எடுத்த பிறகே கொட்டவேண்டும். சாக்கடையில் ஊற்றுவது கண்ணுக்கு மறைந்தாலும் மித்தி நதிக்குத்தான் போய்ச் சேருகிறது.

துரு நீங்கிய இரும்பு மும்பை ஈரத்தில் சில மணி நேரம்கூடத் தாங்காது. துடைத்து, வெயிலில் காய்ந்ததும் பிரைமர் அடித்துவிடவேண்டும். மூலைகளில் எடுபடாமல் நிற்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் கிடைக்கிறது. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றி இறுக்கிவிடும். டெல்லி இரும்புத் தூண் சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்பதற்கும் இதற்கும் தூரத்து உறவு உண்டு. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேற்பரப்பில் உருவான மெல்லிய பாஸ்பேட் படலமே காப்பு என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கியிருக்கிறார். பிரைமரும் பெயின்டும் மெல்லிய பூச்சாகப் பல முறை அடிக்கவேண்டும். ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் வழியும். மழை நாளில் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டி வெளுத்துப்போகும்.

வேலை இத்தோடு முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். துரு போன பிறகு தெரிவதைப் பார்க்கும் பொறுமை வேண்டும். துரு என்பது இரும்பின் மேல் ஒட்டிய அழுக்கு அல்ல. அது இரும்பாக இருந்ததுதான். துரு போன இடத்தில் இரும்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். சைலன்சர் காப்புத் தகட்டில் குழி விழுந்திருந்தால் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. சக்கர விளிம்பிலோ முன் ஃபோர்க்கிலோ பிரேக் கம்பியிலோ ஆழமான குழியோ விரிசலோ தெரிந்தால் அந்தப் பாகத்தின் ஆயுள் முடிந்தது. அதன் மேல் அடிக்கும் பெயின்ட், பின்னால் உட்காரும் குழந்தைக்குச் செய்யும் துரோகம். ஸ்பிரிங், மிகுந்த இழுவைத் தாங்கும் போல்ட் போன்ற கடினப்படுத்திய எஃகுப் பாகங்களை அமிலத்திலும் மின்சாரத் தொட்டியிலும் போடவே கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, வெளியே பளபளப்பாகவும் உள்ளே நொறுங்கக் கூடியதாகவும் ஆக்கிவிடும். பெட்ரோல் டாங்கில் நெருப்போ வெல்டிங்கோ காட்டக் கூடாது. காலியான டாங்க் நிறைந்த டாங்கைவிட ஆபத்தானது. அதில் இருப்பது ஆவி.

எல்லாவற்றையும்விட மெல்லியதாக வரும் ஆபத்து தூசி. பழைய வண்டிகளின் பெயின்டிலும் சிவப்புப் பிரைமரிலும் ஈயம் இருந்திருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயின்டுகளுக்கு, பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016-ல்தான் வந்தது. அதுவும் வண்டிப் பெயின்டுக்கு அல்ல. குழந்தைகளின் உடலில் இந்த அளவு ஈயம் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஓர் எல்லையே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பட்டறையும் படுக்கையும் சமையலும் ஒரே அறையில் நடக்கும் வீட்டில் உலர்ந்த எமரித் தாளால் தேய்த்தால் அந்தத் தூசி போய்ச் சேரும் இடம் குழந்தையின் பாய். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. முகமூடி, கண்ணாடி அணிந்து, வீட்டுக்கு வெளியே தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தெடுத்து, உடுப்பை மாற்றிக்கொண்டு உள்ளே வருவதற்கு அரை மணி நேரம் அதிகமாகும். அவ்வளவுதான் செலவு. வன்கூட்டிப் பொருள் கலந்து அடிக்கும் இரட்டைப் பெயின்டை வீட்டில் ஸ்பிரே செய்யவே கூடாது. அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும்.

நம்மிடையே குறையை மறைப்பதற்குப் ‘பூசி மெழுகுதல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பெயின்ட் வேலை பார்ப்பவர்கள் அதை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மாலை, பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன், துடைத்த பாகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும். இது பூசவேண்டியதா, பங்கார் கடைக்கே திரும்பிப் போகவேண்டியதா என்பதை அந்த ஐந்து நிமிடம் சொல்லிவிடும். சந்தனப் பொட்டு அதற்குப் பிறகு வைக்கலாம்.