எண்ணிக்கை நின்ற இரவு

குறித்த முகூர்த்தம் தவறிவிடக் கூடாதே என்ற பதற்றம் திருமண வீடுகளுக்கு மட்டும் உரியதன்று; ராக்கெட் ஏவுதளத்திற்கும் உண்டு.

2019 ஜூலை 15, நள்ளிரவு கடந்த நேரம். ஸ்ரீஹரிகோட்டாவில் சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடம் 24 விநாடி இருந்தபோது இறங்குமுக எண்ணிக்கை நின்றது. ஏவுகலத்தில் தொழில்நுட்பக் கோளாறு தென்பட்டிருந்தது. குடியரசுத் தலைவர் நேரில் வந்திருந்தார். தொலைக்காட்சியின் முன் பலர் உறங்காமல் காத்திருந்தனர். அத்தனை பேர் முன்னிலையில் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

அதே ஸ்ரீஹரிகோட்டாவில் நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1979 ஆகஸ்ட் 10 அன்று, நடந்தது வேறு. எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் புறப்படவிருந்த தறுவாயில், நிறுத்துமாறு கணினி எச்சரித்தது. கசிவு இருப்பினும் போதிய இருப்பு உள்ளது என்று வல்லுநர்கள் கணக்கிட்டுக் கூற, பொறுப்பிலிருந்த அப்துல் கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவச் செய்தார். முதற்கட்டம் பழுதின்றி முடிந்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு இழந்த கலம் வங்கக் கடலில் வீழ்ந்தது. இதனைக் கலாமே பின்னாளில் மேடைகளில் ஒளிவின்றிச் சொல்லியிருக்கிறார். அன்று சதீஷ் தவான் செய்தியாளர் முன் தாமே பொறுப்பேற்ற பெருந்தன்மையைப் பலரும் போற்றுவர். கணினி தடுத்த அந்தக் கணத்தைப் பேசுவோர் குறைவு.

இதைக் கொண்டு, தயங்குவதே அறிவுடைமை என்று முடிவுகட்டிவிடலாகாது. ‘மேலும் ஆராய்க’ என்று கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் உறங்கும் அலுவலகங்களும் தம்மை எச்சரிக்கை மிக்கவை என்றே எண்ணிக்கொள்கின்றன.

சந்திரயான்-2 ஏழே நாட்களில், ஜூலை 22 அன்று, விண்ணேறியது. தரையிறங்கும் நாளாகிய செப்டம்பர் 7 மாறவில்லை. நிலவின் பகற்பொழுது தொடங்குகையில் இறங்கினால்தான் கருவிகளுக்குப் போதிய வெயில் கிட்டும். ஆகவே நிலவைச் சுற்றும் காலத்தை 28 நாளிலிருந்து 13 நாளாகச் சுருக்கி, இழந்த வாரத்தை ஈடுசெய்தனர். நின்ற வேகத்தைவிட மீண்டும் எழுந்த வேகமே வியப்புக்குரியது.

தரையிறங்கு கலம் நிலவில் மோதி நொறுங்கியது உண்மையே. அதன் காரணங்கள் வேறு. அவற்றையும் ஒவ்வொன்றாகத் துருவி எடுத்தனர். விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 கலத்தில் கால்கள் வலுவாக்கப்பட்டன, எரிபொருள் கூட்டப்பட்டது, 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்கு களம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. எது பழுதானாலும் இறங்கியாக வேண்டும் என்பதே அதன் வடிவமைப்புக் கணக்கு.

2023 ஆகஸ்ட் 23 மாலை அது இறங்கியது.