ஐந்து முறை சரியாக வந்தால் ஆறாவது முறையும் சரியா?



4294967297. இந்த ஓர் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணக்கு என்றதும் தாண்டிப் போய்விடாதீர்கள். நம்மூர்க் காசு விஷயமும் இதில் இருக்கிறது.

2ஐ அதே எண்ணால் பெருக்கினால் 4. 4ஐ 4ஆல் பெருக்கினால் 16. இப்படியே 256, 65536. இவை ஒவ்வொன்றோடும் 1ஐக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்துமே முதன்மை எண்கள். அதாவது 1ஆலும் அதே எண்ணாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை.

இந்த வரிசையில் வருவதெல்லாம் முதன்மை எண்தான் என்று 1640இல் பிரான்ஸ் நாட்டு ஃபேர்மா நம்பினார். அவர் அந்தக் காலத்தின் பெரிய கணித மேதைகளில் ஒருவர். ஆனால் தன்னிடம் நிறுவல் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஆறாவதாக வருவதுதான் 4294967297. 92 வருடங்கள் கழித்து, 1732இல், 25 வயது ஒயிலர் அதன் காரணிகளைக் காட்டினார்: 641 × 6700417.

சிறியதிலிருந்து ஒவ்வொரு முதன்மை எண்ணாக வகுத்துக்கொண்டு போனால் 641 வருவது 116ஆவதாக. ஆனால் இதற்குக் காரணி ஒன்று இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும் என்று ஒயிலர் பின்னர் விளக்கினார். அப்படிப்பட்ட முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே விஷயம் முடிந்தது.

இனி நம்மூருக்கு வருவோம். "ஐந்து மாசமும் சொன்ன திகதிக்கு லாபம் வந்திச்சு, இனி ஏன் பயம்?" என்று நகையை அடகு வைத்துக் காசு போடுகிறோம். வெளிநாட்டில் உழைத்து அனுப்பியதையும் சேர்த்துப் போடுகிறோம். ஐந்து மாதம் வந்தது உண்மைதான். அது ஆறாவது மாதத்துக்கு நிறுவல் ஆகாது. அந்த லாபம் எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது என்ற கேள்விக்குத்தான் பதில் வேண்டும். புதிதாகச் சேருபவரின் காசைத்தான் பழையவருக்கு லாபமாகக் கொடுக்கிறார்கள் என்றால், ஆட்கள் சேர்வது நின்ற அன்று எல்லாம் நின்றுவிடும். "பெரிய ஆட்களெல்லாம் போட்டிருக்காங்க" என்பதும் பதில் அல்ல. ஃபேர்மாவை விடப் பெரிய ஆளா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் சின்ன வயதில் வர வேண்டும். வகுப்பில் "ஏன் சேர்?" என்று கேட்கும் பிள்ளையை நாமே அடக்குகிறோம். வீட்டிலும் "சொன்னதைச் செய்" என்கிறோம். பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்து, காசு கேட்டு வருபவரிடம் மட்டும் எப்படிக் கேள்வி கேட்கும்?

உம்மா, வாப்பாமாரிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து 6700417ஐ 641ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கல்குலேட்டர் வேண்டாம். நான் எழுதியதையும் அப்படியே நம்ப வேண்டாம்.