நாய்க் காப்பகமும் செவிலி இல்லமும்

தெரு நாய்களைக் காப்பகங்களில் அடைப்பதா, கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடுவதா என்பது பற்றி 2025-ஆம் ஆண்டில் நாடெங்கும் பெரும் விவாதம் நிகழ்ந்தது. டில்லி வட்டாரத்து நாய்களைக் காப்பகங்களுக்கு அகற்றுமாறு ஆகஸ்டு 11-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆணையிட்டனர். ஆகஸ்டு 22-இல் மூவர் அமர்வு அதனை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களை, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடுமாறு பணித்தது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் முதலியவற்றில் பிடிபடும் நாய்களை மீண்டும் அங்கே விடலாகாதென நவம்பர் 7-இல் மற்றோர் ஆணை பிறந்தது. எத்தனை கூடங்கள் கட்டுவது, செலவை யார் ஏற்பது என்பனவே இவ்விவாதத்தில் பெரிதும் பேசப்பட்டன. கூடத்துக்குள் வந்து சேரும் குட்டிகளின் கதி அவ்வளவாகப் பேசப்படவில்லை.

வளர்ந்த, தடுப்பூசி பெற்ற நாய்க்குக் காப்பகம் ஓரளவு ஏற்ற இடமே. குட்டிக்கு அது ஏற்றதன்று. தாயின் சீம்பாலினால் குட்டி பெற்ற எதிர்ப்பொருள்கள் சில வாரங்களில் குறையத் தொடங்குகின்றன. அவை நோயைத் தடுக்கும் அளவுக்கு இல்லாமலும், தடுப்பூசியைப் பலிக்கவிடாமல் கெடுக்கும் அளவுக்கு எஞ்சியும் இருக்கும் ஓர் இடைக்காலம் உண்டு. ஆறாம் அல்லது எட்டாம் வாரத்தில் தொடங்கிப் பதினாறாம் வாரம் வரை பன்முறை ஊசி போட வேண்டியிருப்பது இதனாலேயே. பார்வோ வைரஸ் இந்த இடைக்காலத்தில்தான் குட்டிகளை வாரிக்கொண்டு போகிறது. மலத்தில் வெளிப்படும் இவ்வைரஸ் தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் அழியாமல் கிடக்கும். சோப்பு நீர் அதனைக் கொல்வதில்லை. சலவைத்தூள் கரைசல் கொல்லும். ஒரே துடைப்பம், ஒரே கழிவு வாய்க்கால் என்றிருக்கும் கூடத்தில் ஒரு குட்டிக்கு இரத்தக் கழிச்சல் கண்டால் அடுத்த அறைக் குட்டி தப்புவது அரிது. கூடத்தை விரிவுபடுத்துவதால் இக்குறை தீராது. குட்டிகளைப் பிரித்து வைப்பதாலேயே தீரும். அவ்வாறு பிரித்து வைக்கத்தக்க இடம் குடும்பங்களின் வீடேயாகும். சில வாரங்களுக்கு மட்டும் குட்டியை ஏற்று வளர்த்துத் திருப்பித் தரும் இத்தகைய வீட்டைச் செவிலி இல்லம் என்று அழைப்பது பொருந்தும்.

நோயினின்று தப்பிய குட்டிக்கும் கூடத்தினால் வேறொரு கேடு உண்டு. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னுமிடத்து ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், புல்லர் என்ற இரு அறிஞர்கள் பல்லாண்டுகள் நாய்களை ஆராய்ந்து 1965-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையில்தான் நாய்க்குட்டி மனிதரோடு உறவு கொள்ளக் கற்கிறது என்பது அவற்றுள் ஒன்று. மனிதத் தொடர்பே இன்றிப் பதினான்கு வாரம் வளர்ந்த குட்டிகளைப் பின்னர்ப் பழக்குவது மிகக் கடினமென்பதும் அங்கே கண்டறியப்பட்டது. கம்பிக்குப் பின்னே இப்பருவத்தைக் கழித்த நாய் கைநீட்டினால் அஞ்சும். அஞ்சுகின்ற நாயே பெரும்பாலும் கடிக்கும். அதனை எவர் ஏற்று வளர்ப்பர்? அடுப்படி ஓசையும், விருந்தினர் வருகையும், குழந்தைகளின் குரலும் கேட்டு வளர்ந்த குட்டிக்கு நிலையான வீடு கிடைப்பது எளிது.

கண் திறவாத குட்டியை ஏற்கும் வீட்டாருக்குக் களப்பணியாளர் நேரில் சென்று கற்பிக்க வேண்டுவன சில உள. பசும்பாலில் நாய்ப்பாலில் உள்ளதில் பாதியளவுகூடப் புரதமும் கொழுப்பும் இல்லை. பால் சர்க்கரையோ மிகுதி. அதிலும் நீர் கலந்து ஊட்டுவது நம் வீடுகளில் பரவலாகக் காணும் தவறு. குட்டி மெலிந்து, கழிச்சல் கண்டு இறக்கும். நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவே தக்கது. முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவிலும், ஊட்ட வேண்டும். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் செரிக்காதாகையால், முதலில் வெதுவெதுப்பூட்டிப் பின்னரே பால் தரல் வேண்டும். மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலில் இறங்கிவிடும். குப்புறக் கிடத்தியே ஊட்டுக. ஊட்டியபின் ஈரப்பஞ்சினால் அடிவயிற்றையும் குதப்பகுதியையும் மெல்லத் துடைக்க வேண்டும். தாய் நக்குவதற்கு ஈடானது இது. இதனைச் செய்யாவிடில் குட்டியால் மலசலம் கழிக்க இயலாது.

இத்திட்டத்துக்கு எதிராகக் கூறப்படும் ஆட்சேபங்களில் வெறிநோயைப் பற்றியது மட்டுமே பலமுடையது, அதனை மழுப்பலாகாது. வெறிநோய்த் தடுப்பூசி பொதுவாக மூன்றாம் மாதத்தில் போடப்படுகிறது. அதற்கு முன் வரும் குட்டியின் பூர்வோத்திரம் தெரியாது. நோய் வெளிப்பட வாரங்களோ மாதங்களோ ஆகலாம். ஆதலால் செவிலி இல்லத்தார் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வதை நிபந்தனையாகவே வைத்தல் நன்று. பல் பட்டாலும் நகம் கீறினாலும், குட்டிதானே என்று இருந்துவிடாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கடிபட்டதை மறைக்கும் சிறுவர் உள்ள வீட்டிற்குப் பெரியோர் பொறுப்பின்றிக் குட்டியைத் தரலாகாது. பள்ளி அறையில் குட்டி வளர்ப்பதும், ஆசிரியரின் நோக்கம் எவ்வளவு நல்லதாயினும், ஏற்கத்தக்கதன்று. மாணவர் குடும்பங்களுள் தக்கவற்றை இனங்காண்பதில் ஆசிரியரின் உதவி மிகப் பயன்படும்.

இவற்றையெல்லாம் வீட்டாரின் இரக்கத்துக்கே விட்டுவிடுவது முறையன்று. 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதன் நலத்துக்குத் தக்கன செய்ய வேண்டுமென்கிறது. செவிலி இல்லத்தாரும் இதற்கு உட்பட்டோரே. எனவே மருந்து, பால்மா, ஊசி ஆகியவற்றின் செலவைக் காப்பகம் ஏற்பதும், திருப்பித் தரும் நாளைக் குறித்து அட்டை அளிப்பதும் நியாயமாகும். குட்டியைப் பிரிய மனமின்றித் தாமே வைத்துக்கொள்வோர் உண்டு. குட்டிக்கு அது நன்மையே. ஆயினும் அடுத்த குட்டிக்குரிய இடம் ஒன்று குறைந்துபோகிறது.

மழைக்காலத்தின் இறுதியிலும் பனிக்காலத்திலுமே தெருக்களில் குட்டிகள் மிகுதியாகப் பிறக்கின்றன. டிசம்பரில் வீடு தேடப் புறப்படும் காப்பகம் பாதிக் குட்டிகளை அதற்குள் இழந்திருக்கும். வீடுகளின் பட்டியலும், வீட்டாருக்குரிய ஊசிகளும் செப்டம்பருக்குள் முடிந்திருத்தல் வேண்டும்.