மதியம் இடி இடிச்சா பால்வாடி குழந்தையை யார் கூட்டிட்டுப் போவாங்க?

'கனமழை: பள்ளிகளுக்கு இன்று விடுமுறை'. மொபைலில் இந்த வரி வந்ததும் பாதிக் கவலை தீர்ந்ததுன்னு நினைக்கிறோம். அங்கன்வாடி, அதாவது நம்ம ஊர் பால்வாடி விஷயத்தில் அப்படி விட்டுவிட முடியாது.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், உள்ளே திண்டுக்கல் மாவட்டம் வரை வந்தது. கொடைக்கானல் மலையில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. ஆனாலும் அது சொல்லிவிட்டு வந்த புயல். பல மாவட்டங்களில் முதல் நாளே விடுமுறை அறிவிக்க நேரம் இருந்தது.

கன்னிவாடி மாதிரி மலையடிவார ஊர்களில் எனக்குப் பயம் வேறு. காலையில் நல்ல வெயில் அடிக்கும். மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் இருட்டிக்கிட்டு வந்து, இடியோடு கொட்டும். அம்மா காட்டு வேலையில் இருப்பார், இல்லைன்னா மில்லில் ஷிப்டு. ரெண்டு வயசுக் குழந்தைக்கு வீட்டு விலாசம் சொல்லத் தெரியுமா? அவசரத்தில் வந்து கேட்கிற யாரோ ஒருவரோடு அனுப்பிவிட்டால்?

இடி இடிக்கும்போது குழந்தைகளை வெளியே அனுப்பவே கூடாது. மழை விடும்வரை கட்டடத்துக்குள் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. அதற்குக் குடிதண்ணீர், டார்ச், கொஞ்சம் கூடுதல் சத்துமாவு கையில் இருந்தால் போதும். கூரை ஒழுகினால் பக்கத்தில் எந்தக் கட்டடத்துக்குப் போவது, சாவி யாரிடம் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பேசி வைக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் ஒரு நோட்டு. ஒவ்வொரு குழந்தையையும் கூட்டிப்போக உரிமை உள்ள ரெண்டு பேர், அவர்களின் போன் நம்பர். பேப்பரில்தான் எழுதணும். கரண்ட் போனால் டவரும் போகும், செல்லில் சார்ஜும் இருக்காது.

டீச்சர் கையில் போன் ஏற்கெனவே இருக்கிறது. வருகை, எடை, உயரம் எல்லாம் போஷன் டிராக்கர் செயலியில் மேலே போகிறது. வானிலை ஆய்வு மையமோ அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. மேலே தகவல் போகிற அதே போனுக்கு இந்த எச்சரிக்கை கீழே வருவதை அரசு கட்டாயமாக்கலாமே! இதுக்குப் புது பட்ஜெட் வேணுமா என்ன?

அதுவரை நம்ம பங்கும் உண்டு. நீங்க கோவையிலோ பெங்களூருவிலோ ஆபீஸில் இருக்கீங்க, அக்கா குழந்தை ஊர் பால்வாடியில் இருக்குன்னு வைங்க. திண்டுக்கல்லுக்கு இடிமழை அலர்ட் உங்க கண்ணில் முதலில் படலாம். டீச்சர் நம்பர் உங்க போனில் இருக்கா? மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. அதையும் சேர்த்தே சேவ் பண்ணிக்கோங்க.