கையால் அடித்தால் ஓடுகிறது, எழுதி வைத்தால் ஓடவில்லை

"ஒவ்வொரு கட்டளையையும் கையால் அடித்துப் பார்த்துவிட்டேன், எல்லாம் ஓடுகிறது. அப்படியானால் நான் எழுதிய ஸ்கிரிப்ட் சரிதான், கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு." இப்படிச் சொல்பவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. கையால் ஓடியது அடித்தவருக்குச் சாட்சி. ஸ்கிரிப்டுக்கு அது சாட்சி ஆகாது.

என் வயதுக்காரர்கள் பலருக்கு ஸ்கிரிப்ட் என்றால் நாடக வசனம். லினக்ஸ் கம்ப்யூட்டரில் அது வேறு. நாம் ஒவ்வொன்றாக அடிக்கும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால், கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே படித்துத் தானே செய்யும். கிரான் என்று ஒரு இராக்காவலாளியும் உண்டு. இரண்டு மணிக்கு ஓட்டு என்றால் இரண்டு மணிக்கு ஓட்டுவான்.

நண்பர் ஒருவர், சொல்தா குடும்பம். அப்பாவின் பட்டாளத்துக் காகிதங்கள், எத்தா சிவில் பதிவுகள், பென்ஷன் கடிதங்கள் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது பெட்டிக்குள் தண்ணீர் போய்ப் பாதிக்கு மேல் கூழாகிவிட்டது. நல்லவேளை, முன்பே ஸ்கேன் செய்திருந்தார். இன்று அந்த ஸ்கேன்கள்தான் மூலம். பிறப்புப் பதிவு ஒன்று கிடைக்காமல் எத்தனை வீடுகளில் காரியம் நின்றுபோயிருக்கிறது என்பது புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். அவற்றை இரவுதோறும் வெளி டிஸ்கில் நகலெடுக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தார். நான்கு மாதம் கழித்து டிஸ்கைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. கையால் அடித்தால் நகல் அழகாக விழுகிறது!

பக்கத்தில் உட்கார்ந்து அவர் அடிப்பதைப் பார்த்தேன். கோப்புறையின் பெயர் 'எத்தா சிவில்', நடுவில் ஓர் இடைவெளி. முதல் சொல்லை அடித்து டேப் விசையைத் தட்டுவார், மீதியைக் கம்ப்யூட்டரே நிரப்பும். அப்படி நிரப்பும்போது இடைவெளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோட்டையும் சேர்த்துவிடும். அது இருப்பதால்தான் இரண்டு சொல்லும் ஒரே பெயராக எண்ணப்படுகின்றன. ஸ்கிரிப்டில் அது இல்லை, மேற்கோள் குறியும் இல்லை. எனவே 'எத்தா' என்று ஒன்று, 'சிவில்' என்று ஒன்று, இரண்டையும் தேடி இரண்டும் கிடைக்காமல் நகல் நின்றது. போதாததற்கு, அவர் எப்போதும் அந்த இடத்திலேயே டெர்மினலைத் திறந்து அடிப்பவர். கிரான் தொடங்குவதோ அவருடைய வீட்டுக் கோப்புறையில். பெயரைச் சரியாக எழுதியிருந்தாலும் அங்கே அது இருக்காது.

அலுவலகத்தில் சார்ஜ் ஒப்படைப்பவர் "எல்லாம் பைலில் இருக்கிறது" என்பார். பீரோ சாவி எந்த இழுப்பறையில் என்பது மட்டும் பைலில் இருக்காது. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் தீக்தே வகுப்பு இதற்கு நேர்மாறு. முற்றுப்புள்ளிக்கு 'புவாங்', கமாவுக்கு 'விர்கூல்' என்று ஆசிரியர் வாய்விட்டுச் சொல்வார். ஸ்கிரிப்டை அப்படித்தான் எழுத வேண்டும்.

சொல்லாமல் விடுபவை இன்னும் உண்டு. டெபியன் வகைக் கம்ப்யூட்டரில் கிரான் கட்டளையைத் தேடுவது வழக்கமாக இரண்டே இடங்களில். நாம் டெர்மினலில் அடிக்கும்போது தேடும் இடங்கள் அதைவிட அதிகம். கிரான் பயன்படுத்தும் ஷெல்லும் வேறு. நாம் அடிப்பது பாஷ், அது கூப்பிடுவது எஸ்.எச். உபுண்டுவில் 2006 முதல் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது டாஷ், இரட்டைச் சதுர அடைப்புக்குறி போன்ற பாஷ் வசதிகள் அதற்குப் புரியாது. கிரான் அட்டவணையில் % குறியை அப்படியே எழுதினால் அங்கே வரி முறிந்துவிடும். தேதியைக் கோப்பின் பெயரில் சேர்ப்பவர்கள் அகப்பட்டுக்கொள்வது இதில்தான். விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த கோப்பு என்றால் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று கூடுதலாக ஒட்டியிருக்கும்.

இத்தனையும் சகித்துக்கொள்ளலாம். எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். அட்டவணை வரியின் கடைசியில், பிழைச் செய்திகளை டெவ்-நல் என்னும் பாழுங்கிணற்றில் கொட்டும்படி எழுதியிருந்தது. யாரோ சொல்லிக்கொடுத்த வழக்கமாம், தொந்தரவு இருக்காதாம். காவலாளி நான்கு மாதமாக இரவுதோறும் 'அப்படி ஒன்று இங்கே இல்லை' என்று கத்தியிருக்கிறான், நாம் அவன் வாயைக் கட்டியிருக்கிறோம். நகலே எடுக்காதவருக்குப் பயமாவது இருக்கும். இவர் நிம்மதியாகத் தூங்கினார்.

முதலில் அந்தக் கட்டை அவிழ்த்து, செய்திகள் ஒரு கோப்பில் விழும்படி செய்தோம். மறுநாள் காலையில் இரண்டே வரி. அதிலேயே விடை இருந்தது. பெயருக்கு மேற்கோள் குறி போட்டு, வேரிலிருந்து முழுப் பாதையை எழுதினோம். ஸ்கிரிப்டின் தலையில் செட் மைனஸ் எக்ஸ் என்று ஒரு வரி சேர்த்தோம். செய்யும் ஒவ்வொன்றையும் அது சொல்லிவிட்டுச் செய்யும். அன்றிரவே நகல் விழுந்தது.

இப்போது அவர் மாதம் ஒருமுறை அந்த டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, ஏதாவது ஒரு காகிதத்தைத் திறந்து பார்க்கிறார். சென்ற மாதம் திறந்தது அவருடைய அம்மாவின் பிறப்புப் பதிவு.