காட்டுக்குப் பங்காளி யார்?

நகரங்களை ஒட்டி அழிந்துபோன காடுகளைத் திரும்பவும் வளர்க்க வேண்டும். அதற்கு ஜனங்கள், சர்க்கார், கம்பெனிகள் ஆகிய மூன்று தரப்பாரும் பங்காளிகளாகச் சேர வேண்டும் என்ற பேச்சு இன்று உலகமெங்கும் பலமாக அடிபடுகிறது. நல்ல பேச்சுத்தான். காடு வேண்டாம் என்று எந்த உழைப்பாளி சொல்வான்? ஆலைப் புகையைச் சுவாசிப்பவன் அவன். வெள்ளம் வந்தால் குடிசையைப் பறிகொடுப்பவனும் அவன். விறகுக்கும் தண்ணீருக்கும் மைல் கணக்கில் நடப்பவள் அவன் மனைவி. ஆனால் "பங்காளி" என்ற சொல் காதில் விழுந்ததும் நம் கிராமத்து விவசாயத் தொழிலாளி சற்று நின்று யோசிப்பான். பங்காளி என்றால் பாகம் பிரிக்க வேண்டுமே! யாருக்கு எத்தனை பாகம்? வரப்பு எங்கே?

மேடைப் பேச்சில் இதற்கு விடை கிடைக்காது. காடு உண்மையிலேயே வளர்ந்திருக்கும் ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும். தென் ஆப்பிரிக்காவில் டர்பன் நகரத்துக்கு வடக்கே, வெருலம் என்ற ஊருக்குப் பக்கத்தில், பஃபல்ஸ்ட்ராய் என்ற இடம் இருக்கிறது. மூன்று தரப்பாரும் சேர்ந்து வளர்த்த காடு என்று பல நாடுகளிலும் எடுத்துக்காட்டப்படுவது இது.

அந்தப் பிரதேசம் தமிழ்த் தொழிலாளிக்கு அந்நியமானதல்ல. 1860 நவம்பர் 16ந் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் சென்னை ராஜதானியைச் சேர்ந்தவர்கள். ஜூலு மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து ஒதுக்கித் தள்ளிவிட்டு, கடற்கரைக் காட்டை அழித்து, வெள்ளைத் தோட்ட முதலாளிகள் கரும்பு போட்டார்கள். அந்தக் கரும்பை நட்டு வெட்டிச் சுமந்தவர்கள் நம்மவர்கள். கூலி என்ன? முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். அதற்கு மேல் அரிசி, பருப்பு, உப்பு என்று படி அளந்தார்கள். இந்தப் படி விஷயத்தை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். திரும்பவும் அதற்கு வரப்போகிறோம்.

பஃபல்ஸ்ட்ராயில் இருப்பது டர்பன் நகரசபையின் பெரிய குப்பைக் கிடங்கு. குப்பைக்கும் குடியிருப்புக்கும் நடுவே அகலமான நிலம் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த இடைநிலத்தின் பெரும்பகுதியில் கரும்பு பயிராகிக்கொண்டிருந்தது. 2010ல் உலகக் கால்பந்துப் போட்டி தென் ஆப்பிரிக்காவில் நடக்கப்போகிறது என்று ஆனபோது, பந்தயத்தால் வானத்தில் ஏறும் கரிப்புகைக்கு ஈடாக மரம் வளர்க்க நகரசபை தீர்மானித்தது. 2008ல் வேலை ஆரம்பமாயிற்று.

அந்தப் புகையை உண்டாக்கியவர் யார்? கடல் கடந்து விமானத்தில் பறந்து வந்து பந்தயம் பார்த்தவர்கள். அதைக் காட்டிக் காசு பண்ணிய கம்பெனிகள். ஈடாக மரம் வளர்த்தவர்கள்? பஃபல்ஸ்ட்ராய், ஒசிண்டிஸ்வேனி கிராமங்களின் வேலையற்ற ஏழைகள். அவர்களில் எத்தனை பேர் மைதானத்துக்குள் கால் வைத்திருப்பார்கள்? (டர்பனில் கட்டிய அந்த மைதானத்துக்குத் தென் ஆப்பிரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராயிருந்த தோழர் மோசஸ் மபிடாவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பெயர் சூட்டினால் போதுமா? 2009 ஜூலையில், போட்டிக்கான மைதானங்களையும் மற்ற கட்டிடங்களையும் கட்டிக்கொண்டிருந்த சுமார் 70,000 தொழிலாளிகள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்துதான் கூலியை உயர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.)

சரி, காடு வளர்ந்ததா? வளர்ந்தது. அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. கரும்பு நின்ற இடத்தில் லட்சக்கணக்கான நாட்டு மரங்கள் நடப்பட்டு, பறவைகளும் பூச்சிகளும் திரும்பியிருக்கின்றன. ஒரே ஜாதி மரத்தை வரிசையாக நட்டுவிட்டுக் காடு என்று சொல்லும் மோசடி இல்லை. அந்த மண்ணுக்குரிய பல வகை மரங்களின் விதைகளைப் பொறுக்கி முளைக்க வைத்தார்கள். இவ்வளவையும் செய்தவர்கள் யார் என்பதில்தான் நமக்கு அக்கறை.

ஏற்பாடு இதுதான். கம்பெனிகளிடமும் மற்றவர்களிடமும் பணம் திரட்டும் ஒரு தொண்டு ஸ்தாபனம் நகரசபையுடன் சேர்ந்துகொண்டது. நிலம் நகரசபைக்குச் சொந்தம். சுற்றுக் கிராமங்களில் வேலையில்லாதவர்கள், பெரும்பாலும் பெண்கள், விதை சேகரித்துப் பழைய டப்பாவிலும் வெட்டிய பாட்டிலிலும் மண் நிரப்பி வீட்டு முற்றத்திலேயே கன்று வளர்த்தார்கள். கன்று போதிய உயரம் வந்ததும் குறித்த நாளில் கொண்டுபோய்க் கொடுத்தால், அளவுக்குத் தக்கபடி வரவுச் சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டுக்கு மாவு, எண்ணெய், துணிமணி, சைக்கிள், தண்ணீர்த் தொட்டி, வீடு கட்டும் சாமான் வாங்கலாம். பிள்ளையின் பள்ளிச் சம்பளத்தையும் கட்டலாம்.

பட்டினி கிடந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. நடந்து போன பிள்ளை சைக்கிளில் பள்ளிக்கூடம் போனது. ஏழைத் தாய்க்கு இது சின்ன விஷயமல்ல. 'எல்லாம் ஏமாற்று' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவன் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்காதவன்.

ஆனால் இந்தப் பெண்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'ட்ரீ-ப்ரனர்'! நம் பாஷையில் 'மரத் தொழிலதிபர்' என்று சொல்லலாம். முற்றத்தில் சில நூறு டப்பாக்களை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் தலையில் தண்ணீர் சுமந்து ஊற்றுகிற ஜூலுப் பெண் தொழிலதிபராம்! பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. தொழிலாளி என்றால் நாள்கூலி உண்டு, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உண்டு, உடம்பு சரியில்லாத நாளுக்கு லீவு உண்டு, சங்கம் வைக்கும் உரிமை உண்டு. தொழிலதிபருக்கு இவற்றில் எது உண்டு? கன்று பட்டுப்போனால் நஷ்டம் அவளுக்கு. வறட்சி வந்தால் நஷ்டம் அவளுக்கு. ஸ்தாபனம் இந்த மாதம் வாங்கவில்லை என்றால் அதுவும் அவள் தலையில். ஒரு கன்றுக்கு எத்தனை நாள் உழைத்தாள் என்று கணக்கு வைப்பவர் யாருமில்லை. தொழிலின் அபாயம் முழுவதும் தொழிலாளி மீது. அதற்குப் பட்டம் முதலாளி!

இனி அந்தப் படி விஷயம். கூலியைச் சாமானாகக் கொடுப்பது பழைய தந்திரம். இங்கிலாந்தில் ஆலை முதலாளிகள் தங்கள் கடைச் சரக்கையே கூலியாகத் தலையில் கட்டிவந்தார்கள். தொழிலாளர் எதிர்ப்புக்குப் பிறகு 1831ல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. நமது நாட்டில் 1936ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சம்பளத்தை ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. ஏன்? ரொக்கம் கையில் இருந்தால் எந்தக் கடையில் எதை வாங்குவது என்று தொழிலாளி தீர்மானிப்பான். சீட்டு இருந்தால் சீட்டுக் கொடுத்தவன் தீர்மானிப்பான். 'ரொக்கம் கொடுத்தால் புருஷன் குடித்துவிடுவான், சாமான் என்றால் குடும்பத்துக்குப் போய்ச் சேரும்' என்று சிலர் சமாதானம் சொல்லலாம். களத்து மேட்டில் நெல்லை அளந்துபோட்ட மிராசுதாரும் இதைத்தானே சொன்னார்! நேட்டாலின் கரும்புத் தோட்டத்தில் அரிசியும் பருப்பும் அளந்த அதே மண்ணில், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, மாவும் எண்ணெயும் அளக்கப்பட்டிருக்கின்றன. அன்று காட்டை அழித்ததற்கு. இன்று காட்டை வளர்ப்பதற்கு.

இன்னொரு கேள்வி: நட்டு முடிந்த பிறகு என்ன? நிலத்துக்கு எல்லை உண்டு. நட வேண்டியதை நட்டாகிவிட்டால் கன்றுக்குத் தேவை குறையும். முற்றத்தில் கன்று நிற்கும், வாங்க ஆள் இருக்காது. இத்தகைய திட்டங்களின் பெரிய ஓட்டை இதுவே. நடுவதைப் படம் பிடித்துப் போடலாம், எண்ணிக்கை சொல்லலாம், கம்பெனியின் ஆண்டறிக்கையில் அச்சடிக்கலாம். பராமரிப்பதைப் படம் பிடிக்க ஒருவரும் வருவதில்லை.

உண்மையில் காடு நிற்பதும் அழிவதும் பராமரிப்பில்தான். இளங்கன்றை அமுக்கிவிட உண்ணிச் செடி காத்திருக்கிறது. அதைவிட வேகமாகப் பரவும் இன்னொரு செடி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, அங்கே பெரிய தொல்லை. கேரளத்தில் அதற்கு நமது பெயரையே வைத்துக் 'கம்யூனிஸ்ட் பச்சை' என்கிறார்கள். (வெட்ட வெட்டத் துளிர்ப்பதால் வந்த மரியாதை போலும்!) காய்ந்தால் அது கொழுந்துவிட்டு எரியும். ஆகவே களை வெட்ட வேண்டும், தீத்தடுப்புக் கோடு போட வேண்டும், பட்டுப்போன இடத்தில் மறுபடி நட வேண்டும். வருஷா வருஷம் கைகள் வேண்டும்.

'கம்பெனி பணம் இல்லாமல் இதெல்லாம் நடக்குமா?' என்று கேட்கிறவர்களுக்கு அதே நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1995ல், நிறவெறி ஆட்சி ஒழிந்த மறு வருஷம், நீர்வளத்துறை மந்திரி காதர் அஸ்மால் 'நீருக்காக உழைப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். தண்ணீரை உறிஞ்சும் அந்நிய மரங்களையும் செடிகளையும் வெட்டி அகற்ற, வேலையற்ற ஆயிரக்கணக்கானவர்களைச் சர்க்காரே பொதுப்பணத்தில் வேலைக்கு அமர்த்திக் கூலி கொடுத்தது. பொதுப்பணத்தால் முடியும் என்பது அங்கே ருசுவாயிற்று.

ஆனால் சர்க்கார் கொடுத்தால் எல்லாம் சரி என்றும் எண்ண வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தென் ஆப்பிரிக்காவில் தேசியக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அமலுக்கு வந்தது. பொதுவாக மணிக்கு 20 ராண்ட். விவசாயத் தொழிலாளிக்கு 18, வீட்டு வேலைக்காரருக்கு 15. சர்க்காரின் பொதுவேலைத் திட்டத்தில் களை வெட்டுகிறவருக்கும் தெரு கூட்டுகிறவருக்கும் 11! பிறகு சில வருஷங்களில் விவசாயத் தொழிலாளிக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் பொதுக்கூலி கிடைத்துவிட்டது. பொதுவேலைக்காரர் மட்டும் 2025லும் பொதுக்கூலியில் பாதிக்குச் சற்று மேலேயே நிறுத்தப்பட்டிருந்தார். தனியார் முதலாளி கொடுத்தால் சட்ட விரோதமாகும் கூலியைச் சர்க்கார் சட்டப்படியே கொடுக்கிறது.

கம்பெனிகளின் மரப்பிரியத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். அதே வடகரையில் கரும்பு நிலங்களை வைத்திருந்த டோங்காட் ஹியூலெட் என்ற பெரிய சர்க்கரைக் கம்பெனி, நகரம் விரியவும் தன் நிலங்களை வீட்டு மனையாகவும் கடை வளாகமாகவும் மாற்றி விற்றது. நல்ல விலை போகும் கரும்பு நிலம் மாளிகையாயிற்று. குப்பைக் கிடங்கைச் சுற்றி, வேறெதற்கும் உதவாத கரும்பு நிலம் காடாயிற்று. தரப்பார் மூவர் கைகோத்து நின்றாலும், எந்த நிலம் காடாகும் என்பதைத் தீர்மானித்தது எது என்று இதிலிருந்து தெரிகிறதா இல்லையா?

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் கொட்டிய பேய்மழையில் 400க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆற்றோரத்திலும் சரிவிலும் குடிசை போட்டிருந்தவர்கள் மண்ணோடு அடித்துச் செல்லப்பட்டார்கள். அத்தனை மழையைக் காடு தனியாகத் தடுத்துவிடாது. ஆனால் மரம் நிற்கும் சரிவு மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் ஓடும் வேகத்தைக் குறைக்கும். அப்படிப்பட்ட காடு ஏழையின் குடிசைக்கு மேலேயும் வேண்டும், குப்பைமேட்டைச் சுற்றி மட்டுமல்ல.

இந்தப் பேச்சு நம் ஊருக்கும் வந்தாயிற்று. 2020 ஜூன் 5ந் தேதி மத்திய சர்க்கார் ஐந்து வருஷத்தில் 200 'நகர வனங்கள்' அமைப்பதாக அறிவித்தது. புனாவின் வார்ஜே குன்றுக் காட்டை உதாரணம் காட்டினார்கள். ஜனங்கள், நகரசபைகள், கம்பெனிகள் என்று அங்கும் அதே பங்காளிகள். 2023ல் 'பசுமை வரவு' விதிகளும் வந்தன. பாழடைந்த காட்டு நிலத்தில் மரம் வளர்க்கப் பணம் போடும் கம்பெனிக்கும் வரவுச் சீட்டு உண்டு. வேறோர் இடத்தில் காட்டை எடுத்துக்கொண்டதற்கு ஈடு செய்ததாக அந்தச் சீட்டைக் கணக்கில் காட்ட விதியில் இடம் வைத்திருக்கிறார்கள். ஜூலுப் பெண்ணின் சீட்டுக்கு மாவு கிடைத்தது. கம்பெனியின் சீட்டுக்கு இன்னொரு காடு கிடைக்கிறது!

நமது பேட்டைக்கோ கிராமத்துக்கோ இப்படி ஒரு காட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்து, ஊர்ப் பெரியவர்களிடம் கையெழுத்து கேட்கும்போது, மஸ்டர் ரோலைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்கு வேலை, நட்டு முடிந்த பிறகு எத்தனை வருஷத்துக்கு, ரொக்கமாக நாளொன்றுக்கு என்ன கூலி, பாம்பு கடித்தாலும் தீக்காயம் பட்டாலும் வைத்தியச் செலவு யாருடையது, விறகுக்கும் மேய்ச்சலுக்கும் கனி பொறுக்கவும் ஊராருக்கு என்ன உரிமை, நிர்வாகக் கமிட்டியில் கூலியாட்கள் சங்கத்துக்கு எத்தனை இடம் – இவை எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்தும் இல்லை.