சளிக்குப் போனால் நாய்க்கடி ஊசி! ஆஸ்பத்திரியில் மருந்து மாறுவது எப்படி?

தென்காசி,

சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போன சிறுமிக்கு நாய்க்கடி ஊசி போட்டுவிட்டார்கள்!

2023 செப்டம்பரில் கடலூர் அரசு ஆஸ்பத்திரியில் நடந்த சம்பவம் இது. டாக்டர் எழுதிய சீட்டைப் பார்க்காமலே நர்சு ஊசி போட்டார் என்பது புகார். நர்சு சஸ்பெண்டு ஆனார்.

2021 ஏப்ரலில் உத்தரபிரதேசத்தில் காந்த்லா என்ற ஊரிலும் இதே கூத்துதான். கொரோனா தடுப்பூசிக்குப் போன 3 மூதாட்டிகளுக்கு ஏறியது நாய்க்கடி ஊசி. அங்கும் ஒருவர் சஸ்பெண்டு. ஆள் வீட்டுக்குப் போகிறார். ஊசி அடுத்த ஊரில் மாறுகிறது.

நாகர்கோவில் கொடுமை

தப்பு எப்போதும் நர்சு கையில்தான் தொடங்குகிறதா? 2011 மார்ச்சில் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு, ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு போய்விட்டது. குழாய் மாறியதால் வந்த வினை. நினைவு திரும்பாமலே கிடந்து 2012-ல் இறந்துபோனார், பாவம். 28 லட்சம் ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கொடுக்க மதுரை ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

2 எழுத்தில் போன உயிர்

அமெரிக்காவிலும் கதை இதுதான். 2017 டிசம்பரில் நாஷ்வில் நகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுக்கும் முன் பதற்றம் தணிய ‘வெர்செட்’ என்ற மருந்து கொடுக்கச் சொன்னார்கள். மருந்து எடுக்கும் மெஷினில் நர்சு முதல் 2 எழுத்தைத் தட்டினார். அது நீட்டியது ‘வெக்குரோனியம்’. தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து! நோயாளி இறந்தார். நர்சு குற்றவாளி என்று 2022-ல் தீர்ப்பு வந்தது. ஜெயில் இல்லை, 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு.

அப்போது உலகம் முழுவதும் நர்சுகள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. தப்பை ஒப்புக்கொண்டால் கோர்ட்டு என்றால், இனி யார் வாயைத் திறப்பார்? நியாயமான கேள்விதான். மருந்து மாறியதை உடனே சொன்னால் மாற்று மருந்து கொடுக்கலாம். மறைத்தால் அந்த நேரமும் போச்சு.

ஒரே வார்டில் 2 மாடசாமி

சாதாரண ஆஸ்பத்திரியில் 5 நோயாளிக்கு ஒரு நர்சு என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. ராத்திரி டூட்டியில் அந்தக் கணக்கு என்ன ஆகிறது என்பது வார்டில் ஒரு மணி நேரம் நின்றவர்களுக்குத் தெரியும்.

போதாக்குறைக்கு நம்ம பக்கத்துப் பேர்கள். இசக்கியம்மாள், மாடசாமி, சுடலைமுத்து... ஒரே வார்டில் 2 மாடசாமி படுத்திருந்தால் அதிசயமே இல்லை. “மாடசாமியா?” என்று கேட்டால், காது கேட்காத பெரியவர் எதற்கும் “ஆமாம்மா” என்று தலையாட்டுவார். “உங்க பேரு என்ன தாத்தா?” என்று கேட்டு, அவர் வாயால் பேரைச் சொல்லவைத்து, சீட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அரை நிமிஷ வேலை.

கூட இருப்பவர்களும் “சிஸ்டர், இது என்ன ஊசி?” என்று கேட்கலாம். கேட்டால் சிலர் முறைப்பார்கள். முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்!

குற்றாலம் சீசனில்...

சீசன் நேரத்தில் இன்னொரு ஆபத்து. வெளியூரிலிருந்து குளிக்க வரும் சர்க்கரை நோயாளிகள் சிரிஞ்சை வீட்டில் மறந்துவிட்டு, கிடைத்ததை வாங்கி இன்சுலின் போடுகிறார்கள். இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று 2 வகை உண்டு. சிரிஞ்சும் தனித்தனி. 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி.

100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20-ம் கோடு வரை இழுத்தால், உடம்பில் ஏறுவது 20 அல்ல, 50 யூனிட்! சர்க்கரை சரசரவென்று இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும். அருவியில் குளித்த குளிர் என்று நினைத்துப் போர்வையைப் போர்த்திப் படுக்கவைத்தால் போச்சு.

நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் கையோடு எடுத்துப்போனால், எவ்வளவு ஏறியது என்று டாக்டர் அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார்.